அவைத்தலைவர் வீடு

ஆகஸ்ட் 18

கவுன்சிலர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாக அரிசி டிரம்முக்கு மூடியாகக் கிடந்ததை இன்றுதான் எடுத்துத் துடைத்தேன். முதல் பக்கம் முழுக்கக் கட்சித் தலைவர் சிரிக்கிறார். பழைய காலண்டரிலிருந்து ஒரு முருகனை வெட்டி அவர்மேல் ஒட்டிவிட்டேன். ஓரத்தில் தலைவரின் காது மட்டும் தெரிகிறது. இவர் பார்த்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் சிங்கராஜ். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதைவிடப் பெரிய உத்தியோகம் ஒன்று இருக்கிறது: எங்கள் வார்டில் கட்சியின் அவைத்தலைவர். கூட்டம் போட்டால் நடு நாற்காலி இவருக்குத்தான். எழுந்து மைக்கைப் பிடித்து, "இப்போது நகரச் செயலாளர் அவர்கள் உரையாற்றுவார்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். பிறகு ஊரே பேசும், இவர் கைதட்டுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவர் மேடையில் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். நான் உரையாற்றுவேன், இவர் தலைமை தாங்குவார்.

டைரியைத் திறந்ததற்குக் காரணம் ரோடு. எங்கள் மேலப்பட்டறைத் தெருவுக்கு மறுபடி தார் ரோடு போடப் போகிறார்களாம். சாயங்காலம் வந்து ஏதோ பேரன் பிறந்த மாதிரி சொன்னார்.

"ரோடு வருது."

"வரட்டும். போன தடவை வாசல் வரைக்கும் வந்துச்சு. இந்தத் தடவை அடுப்படிக்கே வரட்டும்."

நாங்கள் வீடு கட்டியபோது வாசலில் படி வைத்துக் கட்டினோம், மழைத் தண்ணீர் ஏறக் கூடாதென்று. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டார்கள். முதலில் கீழ்ப்படி போனது, அப்புறம் நடுப்படி, அப்புறம் மேல்படி. இப்போது தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்குள் இறங்க வேண்டும். வருகிறவர்களை "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால் "பார்த்து இறங்குங்க" என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். போன ஐப்பசியில் சாக்கடையும் மழையும் கைகோத்துக்கொண்டு உள்ளே வந்தன. கட்டில் காலில் செங்கல் வைத்து மேலே உட்கார்ந்திருந்தோம். வெளியே போன செருப்பு அலமாரிப் பக்கம் மிதந்து வந்தது.

தெருவில் முக்கால்வாசிப் பேர் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டிவிட்டார்கள். அடியில் நிற்பது எங்கள் வீடும் பக்கத்தில் மெகருன்னிசா வீடும்தான். மெகருன்னிசா காலையில் இடியாப்பம் அவித்துத் தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்கிறவள். இன்னும் ஒரு ரோடு மேலே ஏறினால் எங்கள் இரண்டு வீடும் கிணறுதான்.

சுரண்டிவிட்டுப் போடச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் அரசியல்.


ஆகஸ்ட் 21

ரேஷனில் துவரம்பருப்பு இல்லை. "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றார் கடைக்காரர். அரசாங்கத்தின் காலண்டரில் அடுத்த வாரம் என்று ஒன்று கிடையவே கிடையாது.


ஆகஸ்ட் 25

நகராட்சி ஆபீஸுக்குப் போனேன். சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்த காலத்தில் இந்த மாதிரி ஆபீஸ்களில் நின்று நின்று என் காலுக்கே தனி அனுபவம் உண்டு. உதவிப் பொறியாளர் ஒரு சின்னப் பெண். உட்காரச் சொன்னாள். ஆபீஸில் ஒருவர் உட்காரச் சொன்னால் காரியம் நடக்காது என்று அர்த்தம்.

"சொரண்டிட்டுதான் போடணும்னு விதியே இருக்கும்மா. நானும் சொல்லிட்டேன். சொரண்டுற மிஷின் மதுரையிலருந்து வரணும். காண்ட்ராக்டர், தேதி தள்ளிப்போகும்ங்கிறாரு. கவுன்சிலர், தேர்தலுக்கு முந்தி ரோடு முடியணும்ங்கிறாரு."

"நடுவுல நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தப் பெண் சிரித்தாள். "உங்க சார் கட்சியில இருக்காருல்லம்மா? அவர் ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் முறத்தில் இருந்த வெந்தயத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"எனக்குன்னு நான் எதையும் கேட்டதில்ல."

"உங்களுக்கா கேக்குறீங்க? வீட்டுக்குக் கேளுங்க."

"வீடு யாரோடது?"

எங்கள் மகள் கயல்விழி, டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோதும் இதே பதில்தான். அப்போது ஒரு எம்.எல்.ஏ.வே எங்கள் வீட்டில் டீ குடித்தார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். இவர் எம்.எல்.ஏ.வுக்கு இன்னொரு முறுக்கு வைத்தார். மகள் தானாகப் பரீட்சை எழுதி இன்று திருப்பூரில் வேலை பார்க்கிறாள், அது வேறு விஷயம்.

எனக்குக் கோபம் வந்ததை எழுதுகிறேன் என்பதால் இன்னொன்றையும் எழுத வேண்டும். போன மாதம் எதிர்வீட்டுத் தனுஷ்கோடியின் சிமெண்ட் கடையில் ஒருத்தன், "அவைத்தலைவர்னா சும்மாவா, நல்லா சேத்திருப்பாரு" என்றான். "வந்து பாருப்பா. அவர் சேர்த்ததெல்லாம் மழை பெஞ்சா எங்க வீட்டுக்குள்ள மிதக்கும்" என்றேன். இவரைத் திட்ட நான் ஒருத்தி போதும். வேறு ஆள் தேவையில்லை.


ஆகஸ்ட் 30

தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்வதும் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்பதும்தான் அதில் நடக்கும். இன்று நான், "சுரண்டாமல் ரோடு போட விட மாட்டேன்" என்று எழுதினேன். அவ்வளவுதான், பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது.

தனுஷ்கோடி நேரிலேயே வந்துவிட்டார். எதிர்வீடு. வீட்டை உயர்த்திக் கட்டியதில் அவர் வாசல் எங்கள் ஜன்னல் உயரத்தில் நிற்கிறது. பேசினால் எப்போதும் மேலிருந்துதான் பேச வேண்டியிருக்கும், பாவம்.

"ரெண்டு வீட்டுக்காகத் தெருவே குண்டு குழியில கெடக்கணுமாக்கா? என் கார் அடி தட்டுது. நீங்களும் ஒசத்திக் கட்டிக்க வேண்டியதுதான?"

"உங்க கார் தட்டுனா கேரேஜ் இருக்கு. எங்க வீடு முங்குனா எங்க கொண்டுபோய் நிப்பாட்டுறது?"

அவர் மனைவி சுகுணா பின்னால் நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததை அவர் பார்க்கவில்லை. சாயங்காலம் குழுவில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். ஜனநாயகம்!


செப்டம்பர் 3

இவரோடு பேச்சு இல்லை. டம்ளரை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுகிறேன். காலையில் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார், மத்தியானம் வருகிறார். தேர்தல் வேலை தொடங்கிவிட்டது போல. வீடு முங்குவதைவிடக் கட்சி முங்கக் கூடாது இவருக்கு.


செப்டம்பர் 9

மெகருன்னிசா பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தவள் நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அண்ணனுக்குக் காலையில டிபன் குடுத்து அனுப்புறீங்களா இல்லையா?"

"ஏன்?"

"கவுன்சிலர் வீட்டுக்கு நான் தெனமும் இடியாப்பம் கொண்டுபோறேன்ல. அண்ணன் தெனமும் அங்கதான் வராந்தாவுல உக்காந்திருக்காரு. உள்ள கூப்பிட மாட்டேங்கிறாங்க. வர்றவன் போறவனெல்லாம் உள்ள போறான். அண்ணன் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படிச்சிட்டு இருக்காரு. நேத்து நான் ரெண்டு இடியாப்பம் வச்சிக் குடுத்தேன். வேணாம்னுட்டாரு."

அந்தக் கவுன்சிலர் கதிர்வேந்தனை அரைக்கால் டவுசர் காலத்திலிருந்து எனக்குத் தெரியும். அவன் அப்பா ஜெயிலுக்குப் போன போராட்டத்தில் அந்த வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்ப் போட்டவர் இவர். அந்த வராந்தாவில்!

மெகருன்னிசா போன பிறகு பாத்திரங்களை எடுத்து அடுக்கினேன். இவர் வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.


செப்டம்பர் 10

காலையில் ஆறு தோசை ஊற்றினேன். மத்தியானம் அப்பளம் பொரித்தேன். எண்ணெய் மீந்திருந்தது, அதனால்தான்.


செப்டம்பர் 15

கவுன்சிலரே வீடு தேடி வந்தான். "பார்த்து இறங்குப்பா" என்றேன். இறங்கும்போது நிலையில் தலை இடித்துக்கொண்டான். நான் சிரிக்கவில்லை.

"பெரியப்பா, தெனமும் வந்து காத்திருந்தீங்கன்னு பசங்க சொன்னாய்ங்க. நான் ஊர்ல இல்ல பெரியப்பா." பொய். அவன் ஊரில் இருந்ததற்கு மெகருன்னிசாவின் இடியாப்பமே சாட்சி. "மிஷினெல்லாம் கொண்டாந்து நோண்டுனா தேர்தல் வந்துரும். இந்த ஒரு தடவை விட்டுக்குடுங்க. ஜெயிச்சு வந்ததும் உங்க வீட்டையே தூக்கி வச்சுத் தர்றேன்."

"எங்களையும் சேர்த்துத் தூக்கிருவே போலிருக்கே" என்றேன்.

"பெரியம்மா எப்பவும் தமாசுதான்" என்று சிரித்துக்கொண்டே வந்த காரியத்தைச் சொன்னான். வெள்ளிக்கிழமை தெருமுனையில் கொடிமேடைக்குப் பக்கத்தில் பூமி பூஜை. நகரச் செயலாளர் வருகிறார். வழக்கம்போல் தலைமை இவர்தான். மறுநாளே ரோலர் இறங்கும்.

இவர் சரி என்று தலையாட்டினார். ஆட்டிய தலையைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அந்தக் கொடிமேடையைப் பற்றி எழுதவில்லையே. இவர்கள் பத்துப் பேர் இளவட்டமாக இருந்தபோது, சொந்தச் செலவில் சிமெண்ட் குழைத்துக் கட்டியது. அடியில் ஒரு கல் பதித்தார்கள். உச்சியில் தலைவர் பெயர், பிறகு வரிசையாக மற்றவர்கள், கடைசி வரியில் "நன்றி: சிங்கராஜ்". கல்யாணமான புதிதில் சினிமாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி, வழியில் நிறுத்தி அந்தக் கல்லைத்தான் முதலில் காட்டினார். முதல் ரோடு போட்டபோதே கடைசி வரி மறைந்துவிட்டது. "கட்சி உங்க பேரைத்தான் மொதல்ல முழுங்கிருக்கு" என்று கேலி செய்தேன். இவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். இப்போது மொத்தக் கல்லும் ரோட்டுக்குள். மேலே கம்பமும் கொடியும்தான் நிற்கின்றன.


செப்டம்பர் 18

நாளைக்கு நானும் மெகருன்னிசாவும் ரோட்டில் உட்காருவது என்று முடிவு. அவள் ஓலைப்பாய் கொண்டுவருகிறாள்.

சாயங்காலம் இவர் வெள்ளைச் சட்டையையும் கரை போட்ட துண்டையும் கொண்டுவந்து, "கொஞ்சம் தேய்ச்சுக் குடு" என்றார். தேய்த்தேன். இவர் நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எதிரே பெண்டாட்டி ரோட்டில் உட்கார்ந்து கூச்சல் போட்டால் ஊர் எப்படிச் சிரிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? சட்டைக் காலரை இரண்டு தடவை தேய்த்தேன். நான் செய்யப்போவதை இவரிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. மின்சாரம் போய்விட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.


செப்டம்பர் 19

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். மறந்தாலும் மறந்துவிடுவேன். பொய். மறக்க மாட்டேன், இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையிலேயே பந்தல், வாடகை நாற்காலி, கொடித் தோரணம், ஒலிபெருக்கியில் பாட்டு. செங்கலுக்கு மஞ்சள் தடவி, பூசணிக்காய்க்குக் குங்குமம் வைத்து ஓர் ஐயர் தயாராக நின்றார். ரோலரைக்கூட முன்கூட்டியே கொண்டுவந்து மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று கதிர்வேந்தன் ஓடிக்கொண்டே இருந்தான். நகரச் செயலாளர் வந்து இறங்கியபோதே பத்து ஆகப் போகிறது. உதவிப் பொறியாளர் பெண் ஓரமாக நின்றாள்.

நானும் மெகருன்னிசாவும் கூட்டத்தின் முன்னால் நின்றோம், பாய் சுருட்டோடு. பூஜைக்கு எழுந்ததும் விரித்துவிடலாம் என்று திட்டம்.

இவர் எழுந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். "அனைவருக்கும் வணக்கம்" என்றார். அடுத்து "இப்போது" என்று வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நகரச் செயலாளர் பாதி எழுந்தே விட்டார்.

"இந்தக் கொடிமேடையில ஒரு கல்லு இருக்கு" என்றார் இவர்.

நகரச் செயலாளர் மறுபடி உட்கார்ந்தார்.

"இப்ப யாருக்கும் தெரியாது. நாங்க வச்ச கல்லு. உச்சியில தலைவர் பேரு. கடைசி வரியில என் பேரு. மொத ரோடு போட்டாங்க, என் பேரு போச்சு. நம்ம பேருதானன்னு கை தட்டுனேன். அடுத்த ரோட்டுல அன்னைக்கி இருந்த கிளைச் செயலாளர் பேரு போச்சு. அதுக்கும் தட்டுனேன். போன தேர்தலுக்கு முந்தி ஒரு ரோடு போட்டோம். அதுல தலைவர் பேரு போச்சு. தலைவர் பேரு மேல தார ஊத்தி, ரோலரை ஏத்தி, பூசணிக்காயும் ஒடச்சோம். அந்தக் கூட்டத்துக்கும் நான்தான் தலைமை."

தலைவர் பெயருக்கு மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது போல முன்வரிசையில் இரண்டு பேர் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

நகரச் செயலாளர் சும்மாவா நகரச் செயலாளர் ஆனார்? குனிந்து, ஆனால் மைக்கில் கேட்கும்படியாகவே சொன்னார்: "அண்ணே, நல்லவேளை ஞாபகப்படுத்துனீங்க. நாளைக்கே அந்தக் கல்லைத் தோண்டியெடுத்து, பளிங்குல மேடை கட்டி, ஆள் ஒசரத்துக்கு வச்சிருவோம்." கைதட்டல். கதிர்வேந்தன்தான் பலமாகத் தட்டினான்.

முடிந்தது என்று நினைத்தேன். பாயைக் கீழே போடப் போனேன்.

"கல்லைத் தூக்கிருவீங்க" என்றார் இவர். "மெகருன்னிசா வீட்டை எப்பிடித் தூக்குவீங்க?"

எங்கள் வீட்டைச் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை! எனக்கு அந்த நிமிடத்தில் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை.

"பழைய ரோட்டைச் சொரண்டிட்டுத்தான் போடுவோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அடுத்த பேச்சாளரை நான் கூப்புடுறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மைக்கை மேசையில் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார், பஸ்ஸில் டிக்கெட் பையை வைத்துக்கொள்வது போல.

கதிர்வேந்தன் கையை நீட்டினான். "பெரியப்பா, மைக்கக் குடுங்க."

"தலைமைகிட்டருந்து மைக்கைப் புடுங்குற பழக்கம் நம்ம கட்சியில இல்லப்பா."

உண்மைதான். தலைமை கூப்பிடாமல் யாரும் பேசக் கூடாது. இத்தனை வருஷமாக அந்த நாற்காலிக்கு இருந்த ஒரே அதிகாரம் அது. அப்படி ஒன்று இருப்பது இவரைத் தவிர யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

யாரோ பின்னாலிருந்து, "அண்ணே, துண்டைக் கழட்டி வச்சிட்டுப் பேசுங்க" என்று கத்தினான். இவர் துண்டைச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது நான் வாங்குன துண்டு. நான் கட்சிக்காரன். அதனாலதான் கேக்குறேன்" என்றார். மைக் மடியில் இருந்ததால் முன்னால் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. எனக்குக் கேட்டது.

நான் பாயை விரித்தேன். மெகருன்னிசா உட்கார்ந்தாள், நான் உட்கார்ந்தேன். நாங்கள் திட்டம் போட்டதுதான். ஆனால் இப்போது இவரை எதிர்த்து உட்காரவில்லை, இவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் சுகுணா வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தனுஷ்கோடி முன்வரிசை நாற்காலியிலிருந்து, "ஏய் சுகுணா!" என்றார். "காலு வலிக்குதுங்க" என்றாள். அப்புறம் எங்கிருந்தோ இன்னும் நாலைந்து பெண்களுக்குக் கால் வலித்தது.

நகரச் செயலாளர் வாட்சைப் பார்த்தார். மேடை மேடையாகப் பகுத்தறிவு பேசுகிறவர். ஐயரைப் பார்த்தார். ஐயர் வாட்சைப் பார்த்தார். கதிர்வேந்தன் உதவிப் பொறியாளரிடம் ஓடினான், திரும்பினான், மறுபடி ஓடினான். இவர் மட்டும் எங்கும் பார்க்கவில்லை. கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்திருப்பது போல நேராக உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலரை நன்றாகத்தான் தேய்த்திருக்கிறேன்.

ராகுகாலம் பிறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நகரச் செயலாளர் எழுந்தார். "என்னம்மா இன்ஜினியரு, சொரண்டிட்டுப் போட என்ன தடை?" என்று அந்தப் பெண்ணின்மேல் பாய்ந்தார், ஏதோ அவள்தான் தடுத்த மாதிரி.

"ஒரு தடையும் இல்ல சார். விதியே அதுதான். மிஷின் வந்தாப் போதும்" என்றாள். என்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பச் சொரண்டுங்கய்யா! இதைப்போய்!"

இவர் எழுந்தார். மைக்கைத் துடைத்தார். "இப்போது நகரச் செயலாளர் அவர்கள் உரையாற்றுவார்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முதுகு முழுக்க நனைந்திருந்தது. மோர் கொடுத்தேன். டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தேன்.


செப்டம்பர் 20

நேற்று எழுதியதை இன்னொரு தடவை படித்தேன். ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.


செப்டம்பர் 24

இவரை எடுத்துவிட்டார்கள். "வயது மூப்பின் காரணமாக" என்று கட்சி அறிவிப்பு. புதிதாகப் போட்ட அவைத்தலைவர் இவரைவிட மூத்தவர், ஒரு காது கேட்காது. அவர் மடியில் மைக் இருந்தாலும் பயமில்லை என்று நினைத்திருப்பார்கள்.

கதிர்வேந்தன் வீட்டு வாசல் வரை போய் ஒரு மூச்சுக் கேட்டுவிட்டு வரலாம் என்று சேலையை மாற்றினேன். இவர், "எங்க கெளம்பிட்ட?" என்றார். "பால் வாங்க" என்றேன். "பால் காலையிலேயே வந்துருச்சு" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வழக்கமாக நாலு பேர் வந்து வாசலில் நின்று இவரோடு அரசியல் பேசுவார்கள். இன்று யாரும் வரவில்லை. இவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். நான் இன்னொரு நாற்காலியை எடுத்துப் பக்கத்தில் போட்டேன்.

"சொல்லுங்க. நாட்டுல என்ன நடக்குது?"

நிமிர்ந்து பார்த்தார். பிறகு நிஜமாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரம்! எனக்குப் பாதி புரியவில்லை. பேசத் தெரியாதவர் என்று இத்தனை நாள் நான் நினைத்திருந்தது தப்பு. இவரை யாரும் பேசக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.


அக்டோபர் 6

மிஷின் வந்துவிட்டது. பல்லுப் பல்லாக ஒரு உருளை, ரோட்டைச் சீவிக்கொண்டே போகிறது. வீடெல்லாம் தூசி. துணி காயப்போட முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டாமல் எல்லாவற்றையும் மறுபடி துவைத்தேன்.

ஓரங்களில் பொக்லைன் விட்டு உடைத்தார்கள். வெட்டிய இடத்தில் ரோடு அடுக்கடுக்காகத் தெரிந்தது. உதவிப் பொறியாளர் பெண்ணே குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு அடுக்கா!" என்றாள். நான் விரலை வைத்துக் காட்டினேன்: இது போன உள்ளாட்சித் தேர்தல், இது சட்டமன்றம், இது இடைத்தேர்தல். இடைத்தேர்தல்தான் இருப்பதிலேயே கெட்டி.

தனுஷ்கோடியின் வாசலுக்கு இனி சாய்தளம் நீளமாகக் கட்ட வேண்டுமாம். சிமெண்ட் கடை அவருடையதுதானே.


அக்டோபர் 8

கல் வெளியே வந்துவிட்டது. மெகருன்னிசாதான் ஓடிவந்து சொன்னாள். இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேப்பர் நேற்றையது.

நான் மண்ணெண்ணெய்ப் பாட்டிலும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். கல் முழுக்கத் தார். கீழே உட்கார்ந்து கடைசி வரியைத் துடைத்தேன். தேய்த்துத் தேய்த்து விரல் எரிந்தது. முதலில் "சி" வந்தது, பிறகு மெதுவாக முழுப் பெயரும். போகிற வருகிற பெண்கள் நின்று பார்த்தார்கள். அந்தக் கட்சிக் கொடியின்கீழ் என்னை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டேனா இல்லையா என்பதையே இவரிடம் இதுவரை சொன்னதில்லை.

மற்ற வரிகளைத் துடைக்கவில்லை. அவரவர் வீட்டில் ஆள் இருக்கும்.

திரும்பி எழுந்தால் இவர் பின்னால் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கல்லைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"மேல இருக்கிற பேரையும் தொடச்சிருக்கலாம்ல."

"உங்க கட்சிக்காரங்களைக் கூப்பிட்டுத் தொடைக்கச் சொல்லுங்க."

இவர் என் கையிலிருந்த துணியை வாங்கினார். முட்டிவலியோடு மெல்ல உட்கார்ந்து, உச்சியில் இருந்த தலைவர் பெயரைத் துடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல். இந்த மனுஷனைத்தான் வேண்டாமென்று எடுத்தார்கள். நான் மண்ணெண்ணெய்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். தெருவே பார்க்கட்டும் என்று நின்றேன்.


அக்டோபர் 14

புது ரோடு. புதைந்த படியில் இரண்டு எங்களுக்கு மிச்சம்.


அக்டோபர் 22

இரண்டு நாளாக நல்ல மழை. தண்ணீர் தெருவோடு வந்து, ஓரமாக ஓடி, தன் வழியில் போய்விட்டது. வீட்டுக்குள் ஈரம் என்று பார்த்தால் நான் துடைத்துவிட்ட ஈரம்தான். மெகருன்னிசா இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இடியாப்பப் பாயசம் செய்தாள். கட்டில் காலிலிருந்த செங்கல்லை இவர் எடுத்துக் கொல்லையில் போட்டார்.

மத்தியானம் மழை விட்டதும் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். குடையும் மஞ்சள் பையுமாக ஒருவர், வெளியூர்க்காரர், தோளில் அதே கரைத் துண்டு. மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவராம். இந்த வார்டில் நடந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்காது. கதவு எண்களைப் பார்த்துத் தடுமாறிக்கொண்டே வந்து என் எதிரில் நின்றார்.

"அம்மா, இங்க அவைத்தலைவர் வீடு எது?"

புது அவைத்தலைவர் வீடு நாலு தெரு தள்ளி இருக்கிறது. எனக்குத் தெரியும்.

"இதுதான்" என்றேன். "படி ஏறி வாங்க."